மீட்டர் கேஜில் இரண்டு நாடுகள்

ராயபுரம், ஞாயிறு

வெளிநாட்டில் ரயிலிலேயே ஊர் ஊராகச் சுற்றப் போகிறோம் என்றால், கேட்கிறவர்கள் ஸ்விட்சர்லாந்தில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் தம்பியும் பாரிஸ், ஜூரிக், மிலன், ரோம் என்று ஒரு வரைபடமே போட்டு அனுப்பிவிட்டான். படம் என்னவோ அழகுதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். மூன்று பேருக்கு 270 யூரோ கட்டிவிட்டு, கிடைக்குமா கிடைக்காதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்; அதுவரை ரயிலுக்கு என்று ஒரு காசு செலவாகியிருக்காது. சரி, ஜப்பானைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அங்கே நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென்னுக்குப் போய்விட்டது. அதற்கு முன்பு எழுதப்பட்ட சிக்கன ஜப்பான் குறிப்புகளெல்லாம் இப்போது பழைய பஞ்சாங்கம்.

பொதுவாகவே இந்தப் பாஸ்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காகவே தினமும் ஏதாவது ஒரு வண்டியில் ஏறச் சொல்லும். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, அத்தைக்கு முழங்கால் வலி. எங்களுக்கு வேண்டியது ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு.

மூன்று பேருக்கும் மூன்று நிபந்தனைகள். அப்பா பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எப். தொழிற்சாலையில், பெட்டியின் கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நிலையத்திலும் பெட்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். காசிமேட்டில் இருக்கும் அத்தைக்கு, போகிற வழியில் தமிழ் பேசும் ஆட்கள் கண்ணில் பட வேண்டும். எனக்கு, விமானக் கட்டணத்தையும் சேர்த்து ஆளுக்கு அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மூன்றும் பொருந்தி வந்த பாதை ஒன்றுதான்: கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, அங்கிருந்து எல்லையைக் கடந்து பாங்காக்.

பாரிமுனைப் பக்கம் ஒரு பயண ஏற்பாட்டாளரிடமும் விசாரித்தேன். கோலாலம்பூருக்கே போய்வரும் விமான டிக்கெட்தான் மலிவு என்று அடித்துச் சொன்னார். திரையில் பார்த்தால் மலிவுதான். பாங்காக் வரை போய்விட்டு அதே கோலாலம்பூருக்குத் திரும்பி வர இரண்டு நாட்கள் ஆகும், மூன்று பேருக்கு ரயில் கட்டணம், ஒரு ராத்திரி அறை வாடகை. அதையெல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகிறது. கோலாலம்பூருக்குப் போகும் டிக்கெட் தனி, பாங்காக்கிலிருந்து திரும்பும் டிக்கெட் தனி என்று எடுத்தேன். ரயிலில் சுற்றுகிறவர்கள் வட்டமாகப் போகக் கூடாது, கோடாகப் போக வேண்டும் என்பது என் கட்சி.

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெருமைக்காக யாரும் எங்களுக்கு டிக்கெட்டில் சலுகை தருவதாக இல்லை.

பெரம்பூர், சனி

அப்பாவின் பழைய சகாக்கள் சனிக்கிழமை மாலைகளில் பெரம்பூரில் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். இன்று என்னையும் அழைத்துப் போனார். ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் மட்டும் உருப்படியாகப் பேசினார்: "தாய்லாந்தா? நாம் போகி அனுப்பிய நாடாயிற்றே!" 1955இல் தொடங்கிய தொழிற்சாலை, 1960களிலேயே தாய்லாந்துக்குப் போகிகளை ஏற்றுமதி செய்தது. போகி என்றால் இவர்கள் அகராதியில் பெட்டி அல்ல. சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம். நாம் பெட்டியைப் போகி என்று சொன்னால் இவர்களுக்கு முகம் சுளிக்கும்.

நான் போட்ட கணக்கு இது. ராத்திரி வண்டியில் படுக்கை மட்டும் முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். எல்லையிலிருந்து பாங்காக் போகும் வண்டியில் படுக்கைகள் குறைவு, கீழ் பெர்த்துகள் முதலில் தீரும். மலேசியாவின் ஈ.டி.எஸ். எனும் மின்சார விரைவு வண்டிக்கும் வார இறுதி என்றால் முன்பதிவு நல்லது. பள்ளி விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்துகொண்டால் இடமே இருக்காது. மற்ற உள்ளூர் வண்டிகளுக்கும் தாய்லாந்தின் மூன்றாம் வகுப்புக்கும் நேரே கவுன்ட்டரில் போய் நின்றால் போதும். எல்லாவற்றையும் இங்கிருந்தே பதிவு செய்துவிட்டுப் போனால், ஒரு ஊர் பிடித்துப்போய் இன்னொரு நாள் தங்கலாம் என்று தோன்றினாலும் தங்க முடியாது.

நான் இதை எழுதும்போது இந்தியர்கள் சுற்றுலாவுக்காக இரண்டு நாடுகளுக்கும் விசா இல்லாமல் போகலாம். இந்த விதி அவ்வப்போது மாறும். புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா இல்லாவிட்டாலும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். மலேசியாவுக்கு ஒன்று, தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து ஒன்று. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் பணம் கேட்கும் போலித் தளங்கள். அரசுத் தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

விமானத்தில் பெட்டிக் கட்டணம் கட்டக் கூடாது என்று முடிவு செய்ததால் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பைதான். அத்தையின் மாங்காய் ஊறுகாய் எண்ணெயில் மிதப்பதால் திரவம் என்று தடுப்பார்கள். பருப்புப் பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊறுகாய் ராயபுரத்திலேயே தங்கியதில் அத்தைக்கு என் மேல் இன்னும் கோபம்.

கோலாலம்பூர், வெள்ளி

ராத்திரி விமானம், நான்கு மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவு ரயிலில் ஆளுக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல். பஸ்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரயில் பயணம் என்று கிளம்பிவிட்டு முதல் காரியமாகப் பஸ்ஸில் ஏறினோம். ரயிலின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் இந்த வித்தியாசத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

பஸ் நேராகக் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் விடுகிறது. பின்பக்கமே பிரிக்ஃபீல்ட்ஸ். மல்லிகைப்பூ, வெள்ளிக்கிழமைக் கோயில் மணி, வாழை இலையில் சாப்பாடு. அத்தையின் நிபந்தனை முதல் அரை மணி நேரத்திலேயே நிறைவேறிவிட்டது. இந்தப் பகுதியே ரயில்வேயால் வளர்ந்தது. மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்களும், தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுக் கூலிகளும் குடியிருந்த இடம்.

பத்து மலைக்கு உள்ளூர் ரயிலே போகிறது. கட்டணம் மூன்று ரிங்கிட்டைத் தாண்டாது. 2006இல் திறந்த முருகன் சிலையையும் 272 படிகளையும் பற்றி எழுதாத தமிழர் இல்லை என்பதால் நான் விட்டுவிடுகிறேன். முழங்கால் வலிக்கார அத்தை எங்கள் இருவருக்கும் முன்னால் மேலே போய் நின்றார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மாலையில் பழைய ரயில் நிலையத்தைப் பார்க்கப் போனோம். 1910இல் கட்டியது, ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. வெள்ளைக் கும்மட்டங்கள், குதிரை லாட வளைவுகள், கோபுரங்கள். நம் எழும்பூர் நிலையம் இதற்கு இரண்டு வருஷம் மூத்தது, 1908. இந்தியாவின் பாணியைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளையடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவின் கண் கும்மட்டத்துக்குப் போகவே இல்லை. நடைமேடை ஓரத்தில் நின்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, மீட்டர் கேஜ்" என்றார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலம். கடற்கரை–தாம்பரம் மின்சார வண்டி மீட்டர் கேஜில் ஓடிய காலத்தில் அதில் தினமும் போய்வந்தவர். 2004இல் அது நின்றதிலிருந்து இந்த அகலத்தில் அவர் ஒரு மின்சார வண்டியைப் பார்த்ததில்லை.

ஈப்போ, சனி

ஈ.டி.எஸ். வண்டியின் உள்ளே குளிர் தாங்க முடியாது. சால்வை கட்டாயம். விமானத்தில் போல நடைமேடைக்கு முன்பே வாசலில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். வண்டி புறப்படும் சில நிமிடங்களுக்கு முன் வாசலை மூடிவிடுகிறார்கள். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் வேலை நடக்காது. ஒரே மீட்டர் அகலத்துத் தண்டவாளத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர். அப்பா தண்ணீர் பாட்டிலை மடக்கு மேசையில் வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தபடியே வந்தார். வளைவில் மட்டும் லேசாகச் சாய்ந்தது. "தண்டவாளப் பராமரிப்பு நன்றாக இருக்கிறது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

ஈப்போ நிலையமும் ஹப்பக்கின் கைவண்ணம், 1917. ஊர் சின்னது, காபி கெட்டி, அறை வாடகை கோலாலம்பூரில் பாதி. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஒரு ராத்திரிக்கு பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் பார்த்த வாடகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மூன்று பேரும் ஒரே அறையில் தங்கினால் ஒரே வரி.

பினாங்கு, ஞாயிறும் திங்களும்

ஈப்போவுக்கு வடக்கே தைப்பிங். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் அங்கிருந்துதான் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போனது. சுமார் 13 கிலோமீட்டர், ஈயம் ஏற்றுவதற்காகப் போட்டது. எங்கள் வண்டி அங்கே நின்று கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். புக்கிட் மேரா ஏரியின் மேல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம். பாம்பனைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனாலும் பெட்டியில் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கி மூடிய நடைபாதை வழியே படகுத்துறைக்குப் போகலாம். கடலைத் தாண்ட கால் மணி நேரம், கட்டணம் இரண்டு ரிங்கிட் அளவுதான். இந்தப் பயணத்தில் காசுக்கு மேல் மதிப்பு கிடைத்தது என்றால் அது இந்தப் படகில்தான். காசிமேட்டு அத்தை மேல்தட்டில் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றுகொண்டு, எதிரே வந்த மீன்பிடிப் படகுகளின் வலையையும் எஞ்சினையும் விமர்சித்தபடி வந்தார்.

ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமானது. சூலியா தெருவில் தங்கினோம். கீழே ஒரு நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் மூன்று நான்கு குழம்புகளைக் கலந்து ஊற்றுகிறார்கள். பரிமாறிய பெரியவர் கடையநல்லூர் பூர்வீகம். "சென்னையில் எந்த இடம்மா?" என்று கேட்டார். ராயபுரம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ரஜுலாவில் ஏறியது அங்கேதான்" என்றார். எஸ்.எஸ். ரஜுலா 1926இல் கட்டிய கப்பல்; பல பத்தாண்டுகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிப் போனது. சின்னப் பையனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாராம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்ததும், கடல் வாந்திக்கு ஊறுகாய் நக்கியதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பார்த்தாயா கண்ணு, ஊறுகாய்" என்று அத்தை என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டேன்.

குயீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது. நான்கு எட்டு நடந்தால் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பினாங்கில் பணம் செலவழிக்கவே வழியில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கும் தூரத்தில், வெயிலுக்கு ஐந்தடிப் பாதை என்று கடைகளின் முன்னால் நிழலும் உண்டு. ஒருவேளை அடுத்த முறை யாராவது என்னைக் கேட்டால், கோலாலம்பூரில் ஒரு நாளைக் குறைத்து இங்கே கூட்டுங்கள் என்பேன்.

பாதாங் பெசார், செவ்வாய்

பட்டர்வொர்த்திலிருந்து எல்லைக்கு விரைவு வண்டியும் போகிறது. நாங்கள் ஏறியது உள்ளூர் கொமுட்டர். பதினொரு ரிங்கிட் சொச்சம், இரண்டு மணி நேரத்துக்குள். ஊழியர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் வண்டி. இரண்டு பக்கமும் கெடாவின் வயல்கள். மலேசியாவின் நெற்களஞ்சியம் இது. பெரும்பாலும் தட்டையாக, கண்ணுக்கு எட்டும் வரை பச்சை.

பாதாங் பெசார் நிலையம் மலேசிய மண்ணில் இருக்கிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ் மலேசியக் குடியேற்ற மேசையும் தாய்லாந்தின் மேசையும். இங்கே முத்திரை குத்தி வெளியே அனுப்புகிறார்கள், சில எட்டு தள்ளி இன்னொருவர் முத்திரை குத்தி உள்ளே விடுகிறார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு டீ குடிக்கும் நேரம். திரும்பும் விமான டிக்கெட்டையும் பாங்காக் விடுதிப் பதிவையும் அச்சிட்டு வைத்திருந்தேன். தாளைப் பார்த்தவுடன் கேள்வி குறைகிறது என்பது என் அனுபவம்.

இந்த நிலையத்தில் கவனமாக இருக்க வேண்டியது கடிகாரத்தில்தான். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். பாங்காக் வண்டி தாய்லாந்து நேரத்தில் ஓடுகிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மலேசிய நேரத்தில் இருக்கிறது. அப்பா ஒரு கையில் தன் கடிகாரத்தையும் இன்னொரு கையில் என் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு பிரச்சினையைத் தீர்த்தார்.

நடைமேடையில் அவருக்கு ஒரு விருந்து காத்திருந்தது. மலேசியாவின் மின்கம்பி இந்த நிலையத்தோடு முடிகிறது. வடக்கே பார்த்தால் வெறும் வானமும் தண்டவாளமும். அந்தப் பக்கத்திலிருந்து டீசல் எஞ்சின் ஒன்று கரும்புகை விட்டபடி சில பெட்டிகளை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். ஸ்பிரிங், பிரேக் கட்டை, அச்சுப் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். வண்டியின் ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று அவரும் குனிந்து பார்த்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. அப்பா ஒரு வெல்டிங் இணைப்பின் மேல் விரலை ஓட்டிக் காட்டித் தலையாட்டினார், அவரும் தலையாட்டினார். எந்த நாட்டில் செய்தது என்று கேட்டேன். "தகடு கண்ணில் படவில்லை. நம்முடையது இல்லை, அது மட்டும் நிச்சயம்" என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

ஹாட் யாயில் வண்டி வெகுநேரம் நின்றது. அங்கே மற்ற பெட்டிகளைச் சேர்க்கிறார்கள். அதற்குள் ஜன்னலோரம் கோழி வந்துவிட்டது. ஹாட் யாய் பொரித்த கோழிக்கு நாடெங்கும் பெயர். பசைச் சோற்றுப் பொட்டலமும், மேலே தூவ ஒரு கைப்பிடி பொரித்த சின்ன வெங்காயமும் சேர்த்துத் தருகிறார்கள். வெங்காயம் நம் பிரியாணிக்குப் பொரிப்பதைவிட மெல்லியது, நல்ல பழுப்பு, வாயில் போட்டால் சத்தத்தோடு உடைகிறது. செவ்வாய்க்கிழமை அத்தை கவிச்சி தொடமாட்டார். சோற்றில் வெங்காயத்தையும் வீட்டுப் பருப்புப் பொடியையும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அந்த வெங்காயம் எந்த எண்ணெயில் பொரிந்தது என்ற கேள்வியை நானும் அப்பாவும் கண்ணாலேயே பேசி முடித்துக்கொண்டோம்.

இருட்டியதும் பணியாளர் வந்து எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தார். மேலே மடங்கியிருந்த பலகை கீழே வந்தது, உறையிட்ட மெத்தை, வெளுத்த விரிப்பு, தலையணை, கடைசியில் ஒரு திரை. இரண்டு படுக்கைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இங்கே படுக்கைகள் வண்டியின் போக்கிலேயே நீளமாக அமைந்திருக்கின்றன, நடுவில் நடைபாதை. கீழ் படுக்கை அகலம், ஜன்னலும் அதற்கே. அதனால் கட்டணமும் கொஞ்சம் கூட. மேல் படுக்கைக்காரருக்கு விளக்கு கண்ணில் அடிக்கும். பெரியவர்கள் இருவருக்கும் கீழே, எனக்கு மேலே. ஒரு படுக்கை சுமார் ஆயிரம் பாட். பாட் ஒன்றுக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம், ஒரு விமான டிக்கெட் மிச்சம், ஒரு பகலும் மிச்சம். தாய்லாந்து ரயில்களில் 2014இலிருந்து மதுவுக்குத் தடை இருப்பதால் பெட்டி சீக்கிரமே அடங்கிவிடுகிறது. கழிவறையை மட்டும் முன்னிரவிலேயே பயன்படுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

பாங்காக், புதன்

வண்டி தாமதம். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, நாங்களும்தான். 2023 ஜனவரியில் நெடுந்தூர வண்டிகளைப் புதிய குருங் தேப் அபிவத் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். விமான நிலையம் போலப் பெரியது; உட்கார இடம் தேடியே கால் வலிக்கும். நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய ஹுவா லம்போங் நிலையம் 1916இல் திறந்தது. அங்கிருந்து இன்னும் சாதாரண வண்டிகள் புறப்படுகின்றன. அதனால் அதன் பக்கத்திலேயே அறை எடுத்தேன். மெட்ரோ இரண்டையும் இணைக்கிறது.

தாய்லாந்து ஏ.டி.எம்.களில் நம் அட்டையைப் போட்டால் ஒவ்வொரு முறையும் இருநூறு பாட்டுக்கு மேல் கட்டணம் பிடித்துக்கொள்கிறார்கள். எடுப்பதென்றால் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். சென்னையிலேயே பாட் மாற்றிக்கொண்டு வந்திருந்ததால் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாலையில் சீலோம் மாரியம்மன் கோயில். 1879 வாக்கில் தமிழர்கள் எழுப்பியது. கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் இளநீரும் தட்டில் வைத்து நம்மைவிடப் பயபக்தியாக வரிசையில் நிற்கிறார்கள். அத்தை திரும்பி வரும் வழியில் கால் பிடித்துவிடும் கடையைப் பார்த்து நின்றார். அதற்குப் பிறகு நடந்ததைக் கணக்குப் பகுதியில் சொல்கிறேன்.

காஞ்சனாபுரி, வியாழன்

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்கு முன்பே வண்டி கிளம்பிவிடும். மூன்றாம் வகுப்பு மட்டும். வெளிநாட்டவருக்கு எங்கே இறங்கினாலும் நூறு பாட். மின்விசிறி, திறந்த ஜன்னல், கூடையில் பலாச்சுளை விற்கும் பெண்கள். பாதை முடியும் நாம் டோக் வரை போனால் ஆற்றோரம் பாறையை ஒட்டி மரச்சட்டங்களின் மேல் வண்டி ஊர்ந்து போகும் இடம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் காஞ்சனாபுரியிலேயே இறங்கினோம்.

இது சயாம்–பர்மா ரயில் பாதையின் மிச்சம். ஜப்பானிய ராணுவம் 1942–43இல் 415 கிலோமீட்டருக்குப் போட்டது. இதில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி. இந்தத் தொழிலாளர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஏராளம். நல்ல கூலி, அரிசி என்று சொல்லி ஏற்றினார்கள். ஆள் சேராதபோது வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் செத்தார்கள். நாங்கள் கடந்த வாரம் முழுக்க குளிர்சாதனத்தில் உட்கார்ந்து கடந்த அதே வழியில்தான், அதே மீட்டர் கேஜில், சரக்குப் பெட்டிகளில் அடைபட்டு அவர்கள் வடக்கே வந்திருக்கிறார்கள்.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். 6,982 பேர். புல் கத்தரித்து, ஒவ்வொரு பெயர்ப் பலகைக்கும் ஒரு பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்கள். அத்தை மூன்று வரிசை வரை மெதுவாகப் போய்விட்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். "நம் ஆட்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். இங்கே இல்லை என்றேன். சிப்பாய்களுக்குப் படைப் பதிவேடு இருந்தது. தோட்டத்திலிருந்து பிடித்துவந்த ராமசாமிக்கும் முனியம்மாவுக்கும் யார் பதிவேடு வைத்தார்கள்? பக்கத்தில் வாட் தவோர்ன் கோயில் வளாகத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. சுற்றுலா வேன்கள் அங்கே நிற்பதில்லை. நாங்கள் போனோம். அத்தை கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார், ஏற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

குவாய் நதிப் பாலத்துக்கு நடந்தோம். இரும்புப் பாலத்தின் கண்களில் பெரும்பாலானவை மேலே வில்லாக வளைந்திருக்கின்றன. நடுவில் இரண்டு மட்டும் கோணலான சட்டங்களோடு நிற்கின்றன. வளைந்தவை போர்க் காலத்தில் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. கோண வடிவத்தில் இருப்பவை குண்டுவீச்சில் உடைந்த கண்களுக்குப் பதிலாகப் போருக்குப் பின் ஜப்பான் கொடுத்தவை. அப்பா இரண்டும் சேரும் இடத்தில் நின்று ரிவெட்டுகளைத் தடவிப் பார்த்தார். படம் எடுத்துக்கொள்ள வந்த கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஆற்றுக்கே 1960இல்தான் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வரும் பயணிகளுக்குத் தோதாக இருக்கட்டும் என்று. மத்தியான வண்டியில் திரும்பினோம். மூன்று பேரும் அதிகம் பேசவில்லை, பலாச்சுளை வாங்கினோம்.

அயுத்தயா, வெள்ளி

ஹுவா லம்போங்கிலிருந்து மூன்றாம் வகுப்பில் இருபது பாட் அளவுதான், இரண்டு மணி நேரம். 1767இல் பர்மியப் படை எரித்த தலைநகரம். நிலையத்துக்கு எதிரே சந்தில் நுழைந்து சிறு படகில் ஆற்றைத் தாண்டினால் சிதைந்த கோயில்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வேரில் சிக்கிய புத்தர் தலையைப் பார்த்தோம், பஞ்சுமிட்டாயை மெல்லிய ரொட்டியில் சுற்றித் தின்றோம், அடுத்த வண்டியைப் பிடித்தோம். கொடுத்த காசுக்கு இது போதும்.

டான் முவாங், சனி

அபிவத் நிலையத்திலிருந்து டான் முவாங் விமான நிலையத்துக்குச் சிவப்பு வழித்தட மின்சார ரயில் இருக்கிறது, 2021இலிருந்து. பாங்காக் போக்குவரத்தில் டாக்ஸியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வேலை இல்லை. கோலாலம்பூரில் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்து அப்பா இங்கே சமாதானம் அடைந்தார்.

வாசல் திறக்கும் வரை கணக்கு முடித்தோம். அப்பாவின் நோட்டில் ரயில், படகு, அறை, சாப்பாடு, இதரம் என்று ஐந்து பத்தி. ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வந்திருக்கிறது, படுக்கை உட்பட. பெரிய செலவு விமானம், அடுத்து அறை. மொத்தம் ஆளுக்கு ஐம்பத்தெட்டாயிரம் சொச்சம்.

அத்தையின் பெயரில் மட்டும் முந்நூறு பாட் அதிகம் இருந்தது. கால் பிடித்துவிட்ட கூலி. அப்பா அதை "வைத்தியம்" என்று எழுதியிருந்தார்.

"எனக்கு என்ன வியாதி, அண்ணே? ஆசைப்பட்டுப் போனேன். அப்படியே எழுது."

"முழங்கால் வலி என்றுதானே சொன்னாய்?"

"அது ராயபுரத்தில் சொன்னது."

அப்பா அடித்துவிட்டு "இதரம்" என்று மாற்றினார். பேனாவை மூடும்போது, பினாங்குப் படகில் இன்னொரு முறை போய்வந்ததற்கு யார் காசு கொடுத்தது என்று அத்தை கேட்டார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சென்னை விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள்.